மருத்துவமனையைப் புதிய வளாகத்துக்கு மாற்றுவது எப்படி: பொறுப்பேற்கப் போகிறவர்களுக்கு

பஜார் தெருவில் இருந்த எங்கள் அறக்கட்டளை மருத்துவமனை, ஆறு கிலோமீட்டர் தள்ளி பைபாஸ் ஓரம் கட்டிய புதிய வளாகத்துக்கு மாறியபோது நான் அங்கே நர்சிங் சூப்பரிண்டெண்ட். 140 படுக்கை. கட்டுவதற்கு மூன்று ஆண்டு பிடித்தது. அந்த வேலைக்கு ஆர்க்கிடெக்ட், இன்ஜினீயர், ஒப்பந்ததாரர் என்று ஆட்கள் இருந்தார்கள். குடிபெயர்வதற்கு மட்டும் யாரும் இல்லை. "ரெண்டு லாரி பிடிச்சா ரெண்டு நாள்ல முடிஞ்சிரும்" என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தோம், நான் உட்பட.

மாவட்டத் தலைமை மருத்துவமனையோ, மிஷன் ஆஸ்பத்திரியோ, ஊர்ப் பெரியவர்கள் நடத்தும் அறக்கட்டளையோ, இன்று நிறைய இடங்களில் பழைய கட்டடம் தாங்காமல் ஊருக்கு வெளியே போகிறார்கள். அந்தப் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

திறப்பு விழா வேறு, இடமாற்றம் வேறு

முதலில் இதைச் செய்யுங்கள். ரிப்பன் வெட்டும் நாளையும் முதல் நோயாளி போகும் நாளையும் தனித்தனியாக வையுங்கள். நடுவில் குறைந்தது ஒரு மாதம் இருக்கட்டும்.

எங்களுக்குத் தை மாதத்தில் ஒரு முகூர்த்த நாள் குறித்து அழைப்பிதழும் அடித்துவிட்டார்கள். விழா முடிந்த மறுநாளே நோயாளிகளை மாற்றுவதாகத் திட்டம். பத்து நாளுக்கு முன்னால் ஓர் இரவு, மெயின் சுவிட்சை நிஜமாகவே அணைத்து ஜெனரேட்டரைச் சோதித்தோம். ஆபரேஷன் தியேட்டர் விளக்கு எரிந்தது, ஐசியு எரிந்தது. ஸ்ட்ரெச்சர் லிஃப்ட் இரண்டாம் மாடியில் நின்றுவிட்டது. ரத்தப் பைகள் வைக்கும் குளிர்பெட்டிக்கும் மின்சாரம் வரவில்லை. இரண்டையும் ஜெனரேட்டர் இணைப்பில் சேர்க்கவே இல்லை. வரைபடத்தில் சேர்த்ததாக இருந்தது, சுவரில் இல்லை.

அறங்காவலர்களிடம் போய், விழா நடக்கட்டும், நோயாளிகள் வரமாட்டார்கள் என்று சொன்னோம். முகம் சுளித்தார்கள், ஆனாலும் கேட்டுக்கொண்டார்கள். ஐந்து வாரம் கழித்து மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் மாறினோம். அந்த ஐந்து வாரத்தில் நாங்கள் கண்டுபிடித்த கோளாறுகளின் பட்டியல் பதினொரு பக்கம் வந்தது. விழா நாளுக்கு நல்ல நேரம் பாருங்கள், அதில் தவறில்லை. நோயாளி போகும் நாளைச் சொல்ல வேண்டியது ஆக்சிஜனும் மின்சாரமும் உரிமங்களும்தான். இதை முதல் கூட்டத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்கி வையுங்கள். கடைசி வாரத்தில் கேட்டால் கிடைக்காது.

ஓராண்டுக்கு முன்பு: ஒரே ஒரு பொறுப்பாளர்

இடமாற்றத்துக்கென்று ஒருவரை முழுநேரமாக விடுவியுங்கள். கட்டடத்தைக் கட்டுகிற இன்ஜினீயரிடம் இதைக் கொடுக்காதீர்கள். அவருக்குக் கட்டடம் முடிந்தால் வேலை முடிந்தது. இரவு இரண்டு மணிக்கு வார்டில் என்னென்ன நடக்கும் என்று தெரிந்தவர் வேண்டும். பெரும்பாலும் அது அனுபவமுள்ள ஒரு செவிலியராக இருப்பார். அவருக்குக் கீழே பயோமெடிக்கல் இன்ஜினீயர், எலக்ட்ரீஷியன், மருந்தகப் பொறுப்பாளர், லேப் இன்சார்ஜ், ரெக்கார்டு செக்‌ஷன், செக்யூரிட்டி, துப்புரவு மேஸ்திரி. கடைசியில் சொன்னவரை யாரும் கூட்டத்துக்குக் கூப்பிடுவதில்லை. எந்தக் குழாய் எப்போது அடைக்கும், எந்தக் கதவு இரவில் பூட்டியிருக்கும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

பிறகு ஒவ்வொரு வார்டையும் நடந்து பார்த்து, பழக்கத்தால் நடக்கிற காரியங்களை எழுதுங்கள். எங்கள் பிரசவ வார்டில் அவசரத்துக்கு மயக்க மருத்துவரைக் கூப்பிட யாரும் போன் செய்ததில்லை. ஜன்னலைத் திறந்து எதிர் மாடியைப் பார்த்துக் குரல் கொடுப்பார்கள். புதிய வளாகத்தில் அந்த ஜன்னல் கிடையாது. அதற்கு ஈடாக என்ன செய்வது என்று முன்கூட்டியே யோசித்ததால்தான் அங்கே தனியாக ஓர் அழைப்பு மணி வைத்தோம்.

எதை எடுத்துப்போவதில்லை என்பதையும் அப்போதே முடிவு செய்யுங்கள். உடைந்த கட்டில், ஓடாத சக்‌ஷன் மெஷின், 20 வருடத்துப் பதிவேடு எல்லாம் லாரியில் ஏறினால் புதிய கட்டடமும் ஒரே மாதத்தில் பழையதாகிவிடும். பழைய எக்ஸ்ரே கருவியை மட்டும் காயலான் கடையில் போட்டுவிட முடியாது; அதைச் செயலிழக்கச் செய்ய அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் நடைமுறை உண்டு.

உரிமங்கள் முகவரிக்குச் சொந்தம்

புதிதாக வருகிறவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். "அதே ஆஸ்பத்திரி, அதே டாக்டர்" என்று நாம் நினைப்போம். சட்டத்தின் கண்ணுக்குப் புதிய வளாகம் ஒரு புதிய இடம்.

ஸ்கேன் கருவியை எடுத்துக்கொள்வோம். 1994-ஆம் ஆண்டு பிசிபிஎன்டிடி சட்டப்படி, கருவில் பாலினம் அறிவதைத் தடுக்க ஒவ்வொரு அல்ட்ராசவுண்ட் கருவியும் ஓர் இடத்தோடு சேர்த்துப் பதிவாகிறது. இடம், முகவரி, கருவி, ஊழியர் எது மாறினாலும் 30 நாள் முன்னதாகவே தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் ஆம்புலன்ஸில் தூக்கிப்போட்டுக் கொண்டுபோனால் கருவிக்குச் சீல் விழும், மருத்துவர் மீது வழக்கும் வரும். எங்களோடு பழகிய ஒரு நர்சிங் ஹோமில் மாடியிலிருந்து தரைத்தளத்துக்கு மாற்றியதற்கே விளக்கம் கேட்டார்கள்.

இது தவிர, 1997-ஆம் ஆண்டு தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படியான பதிவு. இதற்கான விதிகள் 2018-இல் வந்தன, மாவட்டத்தில் நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தை அணுக வேண்டும். எக்ஸ்ரே, சிடி கருவிகளுக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம். மருந்தகத்துக்கும் ரத்த வங்கிக்கும் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம். திரவ ஆக்சிஜன் தொட்டிக்கு வெடிபொருள் பாதுகாப்புத் துறையான பெசோ. தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று. மின் ஆய்வாளரின் சான்று, லிஃப்டுக்கு உரிமம். 2016-ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகளின் கீழ் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி. மார்ஃபின் போன்ற போதை தரும் வலி மருந்துகளை வைத்திருக்கும் அங்கீகாரம். கருக்கலைப்புச் சட்டத்தின் கீழ் இடத்துக்கான ஒப்புதல். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் முகவரி மாற்றம். இதை மறந்தால் ஏழை நோயாளிகள்தான் முதலில் பாதிக்கப்படுவார்கள், ஏனென்றால் கார்டு வேலை செய்யாவிட்டால் அவர்கள் கையிலிருந்து பணம் கட்ட வேண்டிவரும்.

ரத்த வங்கிக்குத்தான் நாள் அதிகம் பிடிக்கும். மாநில, மத்திய அதிகாரிகள் இருவரும் சேர்ந்து வந்து பார்க்க வேண்டும். அதை முதலில் தொடங்குங்கள். ஒரு பெரிய சார்ட் பேப்பரில் எல்லாவற்றையும் எழுதி, யார் பொறுப்பு, எப்போது மனு கொடுத்தோம், எப்போது வந்தது என்று சுவரில் ஒட்டுங்கள். கம்ப்யூட்டரில் வைத்தால் ஒருவர்தான் பார்ப்பார்.

ஆக்சிஜன்

ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்தின் பாங்க்ஸ்டவுன் மருத்துவமனையில், 2015-இல் ஓர் அறுவை அரங்கில் பச்சிளங்குழந்தைகளுக்கான ஆக்சிஜன் முனை (குழாயிலிருந்து வாயு வெளிவரும் வாய்) பொருத்தினார்கள். குழாய் மாறிப்போய், ஆக்சிஜன் என்று எழுதிய முனையில் மயக்கத்துக்குக் கொடுக்கும் நைட்ரஸ் ஆக்சைடு வந்தது. 2016-இல் இரண்டு குழந்தைகளுக்கு அந்த வாயு கொடுக்கப்பட்டது. ஒரு குழந்தை இறந்தது, இன்னொன்றுக்கு மூளை பாதிக்கப்பட்டது. வேலையைச் செய்து சோதித்ததாகச் சான்றும் கொடுத்திருந்தார்கள். இதைப் படித்த நாளிலிருந்து எந்த ஒப்பந்ததாரரின் சான்றையும் மட்டும் நம்பி ஒரு முனையைக்கூட நான் திறந்ததில்லை.

ஆகவே, குழாய் போட்டவர்கள் அல்லாத வேறொரு நிறுவனத்தைக் கொண்டு சோதியுங்கள். உங்கள் மயக்க மருத்துவர் கூடவே நடக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு வாயுவை மட்டும் திறந்துவைத்து, மற்ற எல்லா முனைகளிலும் காற்று வராமல் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஒவ்வொரு முனையிலும் ஆக்சிஜன் அனலைசரை வைத்து அளவை எழுதுங்கள். திரவ ஆக்சிஜன் என்றால் 99 சதவீதத்துக்கு மேல் காட்ட வேண்டும். காற்றிலிருந்து பிரித்தெடுக்கும் பிஎஸ்ஏ ஆலை என்றால் 93 சதவீதத்தை ஒட்டி இருக்கும். எங்களிடம் 212 முனை. மூன்று நாள் ஆனது. ஒவ்வொன்றுக்கும் எண், அளவு, இரண்டு கையெழுத்து.

தண்ணீரில் டயாலிசிஸ் பிரிவைத் தனியாகக் கவனியுங்கள். ஆர்ஓ தண்ணீரில் கிருமியும், கிருமியிலிருந்து வரும் நச்சான எண்டோடாக்சினும் இருக்கிறதா என்று சோதித்து முடிவு வர ஒரு வாரம்கூட ஆகலாம். முதல் சோதனையில் தேறாது என்றே வைத்துக்கொண்டு நாள் ஒதுக்குங்கள். புதிய குழாய்களில் பெரும்பாலும் அப்படித்தான் ஆகிறது. அறுவை அரங்குகளில் மணிக்கு 20 முறையாவது காற்று மாறுகிறதா என்று அளந்து, ஸ்வாப் எடுத்து, கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் முடிவு வந்த பிறகே திறக்க வேண்டும்.

இன்னொன்று. புதிய கட்டடத்துக்குச் சாமான் வரத் தொடங்கியதும் அட்டைப்பெட்டி, தெர்மகோல், மெத்தை உறை எல்லாம் கீழ்த்தளத்தில் குவியும். கொல்கத்தாவில் 2011 டிசம்பர் 9 அதிகாலையில் ஏஎம்ஆர்ஐ மருத்துவமனையில் கீழ்த்தளத்தில் குவித்திருந்த பொருட்களில் பிடித்த தீயின் புகை வார்டுகளுக்கு ஏறி ஏறத்தாழ 90 பேர் இறந்தார்கள். அட்டைப்பெட்டிகள் அன்றன்றைக்கே வளாகத்தைவிட்டு வெளியே போக வேண்டும்.

ஒத்திகை

ஆள் இல்லாத கட்டடத்தில் ஒரு முழு நாள் மருத்துவமனை நடத்திப் பாருங்கள். நாங்கள் மூன்று முறை செய்தோம். மூன்றாவதை இரவு பதினொன்றிலிருந்து காலை ஆறு வரை வைத்தோம்.

ஒரு நர்சிங் மாணவியைக் கர்ப்பிணியாக நடிக்கவைத்து ஆட்டோவில் கேட்டுக்குக் கொண்டுவந்தோம். குழந்தையின் இதயத் துடிப்பு குறைகிறது, உடனே சிசேரியன் என்று சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தோம். முதல் தடவை தியேட்டர் மேசைக்குப் போகவே 26 நிமிடம். செக்யூரிட்டி தப்பான வாசலைக் காட்டினார், லிஃப்டுக்குச் சாவி வேண்டியிருந்தது, மயக்க மருத்துவரின் போனுக்கு அந்த மாடியில் சிக்னல் இல்லை. மூன்றாவது தடவையில் 9 நிமிடமாகக் குறைந்தது.

நிஜக் கட்டிலை, வென்டிலேட்டர், சிலிண்டர், மானிட்டர், தள்ளுகிற நான்கு பேரோடு லிஃப்டில் ஏற்றிப் பாருங்கள். ஸ்ட்ரெச்சர் மட்டும் நுழைவதைப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். லேப் சாம்பிள் எந்த வழியாகப் போகும், சாப்பாட்டு வண்டி எங்கே திரும்பும், இறந்தவரின் உடலைச் சாப்பாட்டு வண்டியும் பார்வையாளர்களும் வரும் வழியாக அல்லாமல் கௌரவமாக எப்படிக் கொண்டுபோவது, எல்லாவற்றையும் கால்களால் நடந்து பாருங்கள். ஒவ்வோர் ஊழியரும் தன் வார்டில் தீயணைப்பான், ஆக்சிஜன் அடைப்பு வால்வு, அவசர மருந்து வண்டி மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு காட்டத் தெரிந்த பிறகே அவர்களுக்கு அங்கே டூட்டி போட்டேன்.

நாள் குறிப்பதும் கணக்குப் போடுவதும்

ஞாயிற்றுக்கிழமையை எடுங்கள். புறநோயாளிப் பிரிவு கிடையாது. டயாலிசிஸ் நோயாளிகள் பெரும்பாலும் திங்கள்-புதன்-வெள்ளி அல்லது செவ்வாய்-வியாழன்-சனி என்று வருவதால் ஞாயிறு காலியாக இருக்கும். யாருக்கும் ஒரு முறைகூடத் தவறாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையும், அதோடு வரும் டெங்கு காய்ச்சலும் வேண்டாம். பெரிய முகூர்த்த நாளில் பைபாஸில் ஆம்புலன்ஸ் நகராது.

அடுத்து, மாற்ற வேண்டிய நோயாளிகளின் எண்ணிக்கையைக் குறைப்பது. இந்த வேலையில் பாதுகாப்பைத் தருவது எல்லாவற்றையும்விட இதுதான். எங்களிடம் சராசரியாக 110 உள்நோயாளிகள். இரண்டு வாரம் முன்பே, தள்ளிப்போடக்கூடிய அறுவைச் சிகிச்சைகளை நிறுத்தினோம். கடைசி மூன்று நாள் அவசரம் தவிர யாரையும் சேர்க்கவில்லை. 108-க்கும், ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும், பக்கத்து மருத்துவமனைகளுக்கும் எழுத்தில் சொன்னோம். அந்த வாரத்தில் பிரசவத் தேதி இருந்த ஒவ்வொரு பெண்ணையும் போனில் கூப்பிட்டு, வலி வந்தால் எங்கே வர வேண்டும் என்று நாள்வாரியாகச் சொன்னோம். ஞாயிறு காலை இருந்தவர்கள் 46 பேர்.

ஏன் இது முக்கியம் என்று கணக்கில் பாருங்கள். ஓர் ஆம்புலன்ஸ் சுற்றுக்கு ஏற்ற 15 நிமிடம், பயணம் 20, ஒப்படைக்க 15, திரும்ப 20, துடைக்க 10. மொத்தம் 80 நிமிடம். எங்களிடம் ஐந்து ஆம்புலன்ஸ். 46 பேரில் 19 பேர் உட்கார்ந்து வேனில் வரக்கூடியவர்கள். படுத்தபடி போக வேண்டியவர்கள் 27. ஆறு சுற்று, எட்டு மணி நேரம். காலை ஆறுக்குத் தொடங்கினால் பிற்பகல் இரண்டுக்கு முடியும். 110 பேரும் இருந்து அதில் 65 பேர் படுத்திருந்தால் பதின்மூன்று சுற்று, பதினேழு மணி நேரத்துக்கு மேல். நள்ளிரவில் களைத்த கைகள் வென்டிலேட்டர் நோயாளியைத் தூக்கும்.

ஆக்சிஜனுக்கும் இப்படியே. பி வகைச் சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர். நிமிடத்துக்கு 10 லிட்டர் என்றால் 150 நிமிடம் வரும். பயணம் இருபதே நிமிடம்தான் என்றாலும் இரண்டு சிலிண்டர் ஏற்றுங்கள். ரயில்வே கேட் மூடினால் மூடியதுதான்.

அந்த நாள்

பழைய வாசலில் ஒருவர் அனுப்புவார், புதிய வாசலில் ஒருவர் வாங்குவார். இவர்கள் இருவரைத் தவிர யார் சொன்னாலும் வண்டி நகரக் கூடாது, தலைமை மருத்துவரே சொன்னாலும்.

முதலில் ஓரளவு தேறிய ஒரு நோயாளியை அனுப்பி வழியைப் பாருங்கள். அவர் படுக்கையில் படுத்து, மானிட்டர் ஓடி, காபி குடித்தார் என்று தகவல் வந்த பிறகு ஐசியு நோயாளிகள். காலை நேரம், கூட்டம் இல்லாத சாலை, புதுத் தெம்போடு இருக்கும் குழு, எல்லாம் அவர்களுக்குத்தான் வேண்டும். கூடவே ஒரு மயக்க மருத்துவரும் ஒரு செவிலியரும் போக வேண்டும். பிறகு பிரசவித்த தாய்மார்கள். தாயும் சேயும் ஒரே வண்டியில், கையில் கட்டிய அடையாளப் பட்டையைச் சரிபார்த்து. இதில் விதிவிலக்கே கிடையாது.

நோயாளியின் பெயரையும் எண்ணையும் நான்கு இடத்தில் சரிபார்த்தோம்: வார்டில், வண்டியில், புதிய வாசலில், புதிய படுக்கையில். கேஸ் ஷீட்டும் அடுத்த 24 மணி நேர மருந்தும் நோயாளியோடேயே போகும். கடைசி டோஸ் எப்போது கொடுத்தது என்று மேலுறையில் பெரிதாக எழுதியிருக்கும்.

நம் ஊரில் நோயாளி தனியாக இருப்பதில்லை. ஒரு அம்மா, ஒரு அண்ணன், ஃபிளாஸ்க், கூடை, பாய், குடம். இவர்களைத் திட்டத்தில் சேர்க்காவிட்டால் எல்லாரும் ஆம்புலன்ஸ் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்; அது அவர்கள் தப்பில்லை. ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் உறவினருக்கு வண்ண அட்டை கொடுத்து, தனி வேனில், நோயாளிக்கு முன்னாலேயே அனுப்பினோம். அவர் புதிய படுக்கைக்குப் பக்கத்தில் நிற்பதைப் பார்த்ததும் நோயாளியின் நாடித்துடிப்பே இறங்கியதை நான் பார்த்தேன். சாமான்களுக்குப் பெயர் எழுதிய கோணிப்பை.

மருந்துகளில் இரண்டை மட்டும் சொல்கிறேன். மார்ஃபின், ஃபென்டனில் பெட்டி, பதிவேட்டோடும் இரண்டு பேர் கையெழுத்தோடும் தனி வண்டியில் போகட்டும். தடுப்பூசியும் இன்சுலினும் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும்; பெட்டிக்குள் வெப்பமானி இல்லாமல் அனுப்பாதீர்கள்.

கடைசி நோயாளி போனதும் இரண்டு பேர் ஒவ்வோர் அறையாக, கழிவறை உட்படத் திறந்து பார்த்து, கதவில் சாக்பீஸால் குறி போட்டுவிட்டு வர வேண்டும். எங்கள் ஆண்கள் வார்டுக் கழிவறையில் ஒரு தாத்தா உட்கார்ந்திருந்தார். நோயாளி இல்லை, நோயாளியின் அப்பா. எல்லாரும் எங்கே போனார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை.

ஊருக்குச் சொல்வது

பத்திரிகை விளம்பரத்தைவிட ஆட்டோ ஸ்டாண்டு பெரிது. ஒரு மாதம் முன்பே ஓட்டுநர்களைப் புதிய வளாகத்துக்குக் கூட்டிப்போய், அவசரப் பிரிவு வாசல் எது, பிரசவ வாசல் எது என்று காட்டி, டீ கொடுத்து அனுப்பினோம். கோயில், பள்ளிவாசல், தேவாலய மைக்குகளில் சொல்லச் செய்தோம். டவுன் பஸ் நிறுத்தத்துக்கு ஆறு மாதம் முன்பே போக்குவரத்துக் கழகத்தில் மனு கொடுங்கள். பஸ் வராவிட்டால் நோயாளி மட்டுமல்ல, நடந்தே வேலைக்கு வந்துகொண்டிருந்த துப்புரவுப் பணியாளர்களும் வர முடியாது. அவர்களில் பாதிப் பேர் வேலையை விட்டுவிடுவதாக இருந்தார்கள். இரவு ஷிஃப்ட் முடியும் நேரத்துக்கு ஒரு வேன் விட்ட பிறகுதான் தங்கினார்கள்.

பழைய வாசலில் டீக்கடை, பூக்கடை, ஜூஸ் கடை வைத்திருந்தவர்களுக்குப் புதிய வளாகத்தில் முதல் உரிமை கொடுங்கள். விடிகாலை ஐந்து மணிக்கு வெந்நீருக்கும் இட்லிக்கும் உறவினர்கள் ஆறு கிலோமீட்டர் போக முடியாது.

மாறிய பிறகு

முதல் மூன்று நாள் ஓர் அறையில் 24 மணி நேரமும் ஆள் இருக்கட்டும். எந்தக் குறை என்றாலும் ஒரே எண்ணுக்கு அழைக்கலாம். காலை எட்டுக்கும் மாலை ஆறுக்கும் கால் மணி நேரக் கூட்டம். எங்களுக்கு வந்த புகார்களில் பாதி, விளக்கு சுவிட்ச் எங்கே என்பதுதான். ஊருக்கு வெளியே புதர்க்காடு என்பதால் பாம்பும் வந்தது. முதல் நாளே விஷமுறிவு மருந்து கையிருப்பில் இருக்கட்டும்.

பழைய கட்டடத்தைச் சீக்கிரம் ஒப்படைக்காதீர்கள். அங்கே ஒரு டூட்டி டாக்டர், ஒரு செவிலியர், ஓர் ஆம்புலன்ஸ், முதலுதவிப் பொருட்கள், இரவிலும் விளக்கு எரிகிற ஒரு பெரிய பலகை, இத்தனையும் வேண்டும். நாங்கள் இரண்டு வாரம் போதும் என்று நினைத்தோம், மூன்று மாதம் வைத்திருந்தோம். நாற்பத்தோராம் நாள் இரவு ஒன்றரை மணிக்கு, பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெண்ணை டிராக்டரில் கொண்டுவந்து அந்த வாசலில் நிறுத்தினார்கள். குழந்தை அங்கேயே, பழைய கேஷுவாலிட்டி மேசையில் பிறந்தது. பிறகு தாயையும் குழந்தையையும் அதே ஆம்புலன்ஸில் புதிய வளாகத்துக்கு அனுப்பினோம்.